பத்து சென்டிமீட்டர்

கிப்செலி என்றால் தேன்கூடு.
பெயர் வைத்தவர் இங்கே
ஒரு கட்டிடமும் எழும்பாத காலத்தில் வைத்தார்.
வாய்முகூர்த்தம்.

இன்று இந்தத் தெருவில்
வானம் ஏழு மீட்டர் அகலம்.
பால்கனிக்காரர்கள் பச்சைத் துணிப்பந்தலை
இறக்கிவிட்டால் அதுவும் இல்லை.

ஏதென்ஸில் கணக்கெடுப்பின் கடைசி வாரம்.
என் பையில் படிவங்கள், இரண்டு பேனா,
ஓர் அடையாள அட்டை.
அதில் நான் சிரிக்கவில்லை;
கதவுத் துளை வழியே பார்ப்பவர்கள்
அதைத்தான் நம்புகிறார்கள்.

வாசலில் இருபத்து மூன்று மணிப்பொத்தான்கள்.
ஒன்றில் பெயருக்கு மேல் பெயர் ஒட்டி
காகிதமே தடித்துப்போயிருக்கிறது.

கீழ்த்தளத்து ஜன்னல் நடைபாதை மட்டத்தில்.
இரண்டு அறை, ஆறு பேர்.
அந்த வீட்டுச் சிறுமி
"உங்களைத் தெரியும்" என்றாள்.
"காலையிலிருந்து மூன்று முறை போனீர்கள்.
இடது குதிகால் தேய்ந்திருக்கிறது."

நான்கு பேர் அல்லது முந்நூறு கிலோ
என்கிறது லிஃப்டின் பித்தளைத் தகடு.
நானும் ஒரு சலவை இயந்திரமும்
அதைத் தூக்கி வந்த அக்ரோனும்
வயிற்றை எக்கிக்கொண்டு ஏறினோம்.
"எந்த மாடி?"
"நான்கு."
"நானும்."
அதற்குமேல் பேச இடமில்லை.

சமையலறைகள் எல்லாம்
ஒரே காற்றுக்குழியைப் பார்த்து நிற்கின்றன.
ஒரு வீட்டில் மத்தி பொரிந்தால்
ஆறு மாடிக்கும் மதியம் அதுதான்.
யார் யாரோடு பேசுவதில்லை என்பதுகூட
அந்தக் குழி வழியாகத்தான் தெரியவருகிறது.

கதவு எண் பதினான்கு. திராசிவுலோஸ்,
ஓய்வுபெற்ற டிராலிபஸ் ஓட்டுநர்.
"வீட்டில் எத்தனை பேர்?"
"ஒருவர்." எழுதினேன்.
"பொறுங்கள்" என்று
படுக்கையறைக்குக் கூட்டிப்போனார்.
கட்டிலின் தலைமாட்டில் சுவர்.
பொள்ளல் செங்கல்,
பூச்சோடு சேர்த்துப் பத்து சென்டிமீட்டர்.

"இதற்கு அந்தப் பக்கம் ஒருவர்.
அவருக்கு வேறு வாசல், வேறு தெரு, வேறு லிஃப்ட்.
முகம் தெரியாது.
இரண்டு மணிக்கு இருமுவார்.
ஆறே காலுக்கு ரேடியோ;
வானிலை முடிந்ததும் அணைத்துவிடுவார்,
செய்தி பிடிக்காது போல.
எனக்கும் பிடிக்காது.
தும்மினால் இங்கிருந்தே நூறாயுசு சொல்வேன்.
இரண்டு தலைக்கும் நடுவே
இந்தக் கை அகலம்தான்.
என் மனைவிகூட இவ்வளவு பக்கத்தில் படுத்ததில்லை."
சிரித்தார்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
இந்தச் சுவருக்குத் தலையணை உண்டு,
இரண்டு பக்கமும்.

அந்த வாசலும் என் வட்டம்தான்.
நேற்றுப் போயிருந்தேன்.
நான்காம் மாடி, இதே சுவரின் மறுபக்கம்:
மின்மீட்டரைக் கழற்றிய இடத்தில் இரண்டு கம்பி,
கதவடியில்
நான்கு குளிர்காலத்து விளம்பரத் தாள்கள்.
ஆளில்லை என்ற கட்டத்தில் குறியிட்டு
கையெழுத்தும் போட்டாயிற்று.

செங்கலின் பொள்ளலில், குழாயின் வளைவில்
ஒலி எங்கெங்கோ சுற்றி வரும்.
இருமல் இரண்டாம் மாடியுடையதாக இருக்கலாம்,
ரேடியோ ஆறாம் மாடியுடையதாக.
சொல்லலாமா என்று வாயெடுத்தேன்.
அவர் விரலை மடக்கிச்
சுவரில் இரண்டு தட்டினார்.

காத்திருந்தோம்.

"இந்நேரம் தூங்குவார்" என்றார் மெதுவாக,
எழுப்பிவிடக் கூடாதென்று.

அலுவலகத்தில் ஆட்களை நிலத்தால் வகுப்பார்கள்.
வரும் எண்ணுக்கு
மக்கள் நெருக்கம் என்று பெயர்.
நான் ஒன்று என்றே
எழுதிக் கொடுத்தேன்.

மாலை வீட்டுக்குப் போகும் வழியில்
எதற்கென்று தெரியாமல்
அடுத்த தெருவைச் சுற்றி
அந்த வாசலில் ஏறினேன்.
மணிக்கு மின்சாரமில்லை.
கதவில் இரண்டு தட்டிவிட்டுக் காதை வைத்தேன்.
மரம் சில்லென்றிருந்தது.
பையில் படிவம் ஒன்றும் மீதமில்லை.